பூண்டுக் கொட்டகையில் பதிவான மெட்டு

பெய்காங் என்கிற எங்கள் கோயில் ஊரில் சாவு வீட்டுக்குப் போகிற பேண்டு செட்டுகள் சில உண்டு. அதில் ஆகுய் அக்காவின் செட்டில் எல்லாரும் பெண்கள். வெள்ளைப் பாவாடை, முழங்கால் வரைக்கும் வெள்ளை பூட்ஸ், பொன் சரிகை வைத்த தொப்பி என்று அவர்கள் தெருவில் இறங்கினால், பிணத்துக்குப் பின்னால் வருகிற சொந்தக்காரர்களே அழுகையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அந்தச் செட்டில் சாக்ஸபோன் ஊதுகிறவள் பௌலியென்.

பள்ளிக்கூடத்து பேண்டில் கிளாரினெட் வாசித்தவள் அவள். பள்ளி முடித்த கையோடு, ஒரு நாளைக்கு ஆள் குறைகிறது, வந்து சும்மா நின்றால் போதும் என்று ஆகுய் அக்கா கூப்பிட்டாள். போனாள். அந்த ஒரு நாள் இன்னும் முடிந்தபாடில்லை.

கல்யாணமும் அந்த வேலையில்தான் அமைந்தது. கோயில் தெருவில் வேர்க்கடலை வறுக்கிற ஜின்தியெனின் தாத்தா செத்தபோது ஆகுய் அக்காவின் செட்டைத்தான் அழைத்திருந்தார்கள். துக்கத்துக்கு உடுத்துகிற கோணித்துணி அங்கியும் கூம்புத் தொப்பியுமாகத் தலையைக் குனிந்து நடந்துகொண்டிருந்த பேரன், சாக்ஸபோன் தனியாக எழுந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தான். பார்த்ததைப் பௌலியெனும் பார்த்தாள். ஒரு சுரம் எங்கோ போய் விழுந்தது. துக்க நாட்கள் கழிந்ததும் அவன் ஒரு பை நிறையக் கடலையோடு ஆகுய் அக்காவின் வாசலில் வந்து நின்றான்.

"தாத்தாவை வழியனுப்பப் போனவன் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு வந்தான்" என்று அவனுடைய சித்தப்பாக்கள் இன்றைக்கும் விருந்துக்கு விருந்து சொல்லிச் சிரிப்பார்கள்.

அவர்களுக்குப் பிறந்தவள் மான்நி. வீட்டில் நிநி. எட்டு வயசு. நடக்கப் பழகியதே பேண்டு வண்டியில்தான். கடல் தெய்வமான மாட்ஸு அம்மனின் ஊர்வலத்துக்கும் இதே செட்டு வாசிக்கும்; அந்த நாட்களில் செட்டுக்கு முன்னால் அவளாகவே ஆடிக்கொண்டு போவாள். வெடிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டாலும் கால் மட்டும் நிற்காது. இதைப் பார்த்த யாரோ சொல்லித்தான் ஸ்கூட்டர் பட்டறைக்கு மேல்மாடியில் நடனம் சொல்லித்தருகிற ஹுய் டீச்சரிடம் சேர்த்தார்கள். அந்த வருஷம் டீச்சர் ஒருநாள் பௌலியெனை நிறுத்திவைத்துச் சொன்னார்.

"ஜியாயி டவுன்ல ஒரு ஸ்கூல்ல மூணாவதிலேர்ந்து நடன வகுப்பு இருக்கு. தேர்வு வச்சுத்தான் எடுப்பாங்க. உங்க பொண்ணைத் தயார் பண்ணலாம்னு பார்க்குறேன்."

"எடுப்பாங்களா டீச்சர்?"

"உடம்பு நல்லா வளையுது. காது அதைவிட நல்லா இருக்கு. தனியா ஒரு ஆட்டம் ஆடிக் காட்டணும், ரெண்டு நிமிஷத்துக்கு. பாட்டை நாமதான் கொண்டுபோகணும்."

டீச்சர் ஒரு பியானோ மெட்டைக் கொடுத்தார். மழை சொட்டுகிற மாதிரி மிருதுவான மெட்டு. தேர்வுக்குப் போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இந்த மாதிரி மெட்டுக்குத்தான் ஆடுவார்கள், ஆபத்தில்லை என்றார். நிநி வீட்டில் அதைப் போட்டு ஆடினாள். கை சரியான இடத்துக்குப் போனது, கால் சரியான இடத்துக்குப் போனது, முகம் மட்டும் ஊசி போட வரிசையில் நிற்கிற பிள்ளையின் முகமாக இருந்தது.

ஜின்தியென் கடலைத் தோலை ஊதிக்கொண்டே பார்த்தான். "நல்லாத்தான் ஆடுறா. ஆனா போக்குவரத்து போலீஸ் கை காட்டுற மாதிரி இருக்கு."

"வாயை மூடுங்க" என்றாள் பௌலியென். ஆனால் அவளுக்கும் அப்படித்தான் பட்டது.

இரண்டு வாரம் போயிற்று. ஒரு சாயங்காலம் பௌலியென் அம்மன் ஊர்வலத்துக்காக ஒரு மெட்டை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவர்கள் செட்டின் சொந்தச் சரக்கு. பல்லக்கு கோயிலுக்குத் திரும்புகிற நேரத்தில், எல்லார் காலும் ஓய்ந்த பிறகு, கூட்டத்தை மறுபடி எழுப்புவதற்காக அங்கிருந்து கொஞ்சம் இங்கிருந்து கொஞ்சம் என்று அவர்களே கட்டியது. பெயர்கூட வைக்கவில்லை, 'எழுப்புற பாட்டு' என்பார்கள். நிநி மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துவரப் போயிருந்தாள். வெகுநேரம் வரவில்லையே என்று பௌலியென் ஊதிக்கொண்டே படியேறிப் போய்ப் பார்த்தாள்.

நிநி அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். சட்டையின் கைகளை வீசிச் சுழன்றாள், மெட்டு குழைந்தபோது சட்டையோடு சேர்ந்து தரையில் சரிந்தாள், சட்டென்று எழுந்து பாய்ந்தாள். தண்ணீர்த் தொட்டிக்கும் கொடிக்கும் நடுவில் இருந்த அந்தத் துளி இடம் அவளுக்குப் போதவில்லை. முகம் வேர்த்து, வாய் திறந்து, பல் விழுந்த ஓட்டை தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். பௌலியென் ஊதுவதை நிறுத்தினாள்.

"ஏம்மா நிறுத்திட்ட?" என்று கோபமாகக் கேட்டாள் நிநி.

"இதுக்கே ஆடிடுறியா, தேர்வுல?"

நிநி யோசிக்கவே இல்லை. "அது நம்ம பாட்டுதானே?" என்றாள்.

மறுநாள் பௌலியென் ஊத, டீச்சர் நிநியை ஆடவிட்டுப் பார்த்தார். பார்த்து முடித்ததும் பியானோ மெட்டைப் பற்றி அவர் பேசவே இல்லை. "ஆனா இது ரொம்ப நீளம். ஒரே ஓட்டமா ஓடுது. முதல்ல மெதுவா வரணும், நடுவுல ஒரு மூச்சு நிக்கணும், அப்புறம் வேகம். முடிவு பளிச்சுனு இருக்கணும், நடுவுல வெட்டின மாதிரி இருக்கக்கூடாது. பண்ண முடியுமா?"

"அக்காகிட்ட கேக்குறேன்" என்று பௌலியென் சொல்லிவிட்டு வந்தாள்.

சொன்னாளே ஒழிய, வழியெல்லாம் தயங்கித் தயங்கித்தான் நடந்தாள். பேண்டுக்காரி பிள்ளை என்றால் பள்ளிக்கூடத்தில் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். 'ஸி-ஸோ-மி' என்று எங்கள் பக்கத்தில் சாவு பேண்டுக்கு ஒரு பட்டப்பெயர். அது ஊதுகிற சத்தத்திலிருந்தே வந்தது. போன வருஷம் வகுப்புப் பையன் ஒருவன் நிநியை அப்படிக் கூப்பிட்டிருக்கிறான். பௌலியென் துடித்துப்போய், நீ என்ன சொன்னாய் என்று கேட்டாள். "உனக்கு அதுல 'ஸி' கூட ஊதத் தெரியாதுன்னு சொன்னேன்" என்றாள் நிநி, சோற்றை வாயில் தள்ளிக்கொண்டே. பிள்ளைக்கு உறைக்கவில்லை, தாய்க்கு உறைத்தது. தேர்வு வைக்கிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கண்டுபிடித்துவிட மாட்டார்களா? கண்டுபிடித்து முகத்தைச் சுளித்தால்?

ஆகுய் அக்காவிடம் இதையும் சேர்த்தே சொன்னாள். ஆகுய் அக்கா டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"இத்தனை வருஷமா நாம யாருக்கு வாசிச்சோமோ அவங்கள்ல ஒருத்தராவது குறை சொல்லியிருக்காங்களா?"

"அவங்க எப்படிக்கா சொல்லுவாங்க?"

"அதைத்தான் சொல்றேன். இப்பத்தான் முதல்முறையா காது கேக்குற ஆளுக்கு வாசிக்கப்போறோம். பயமாத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை எல்லாரையும் வரச் சொல்லு."

ஆகுய் அக்கா வீட்டுக்குப் பின்னால் பூண்டு காயவைக்கிற தகரக் கொட்டகை இருந்தது. அறுவடை முடிந்து பூண்டுக் கட்டுகள் கூரை வரைக்கும் தொங்கின. பூண்டுக் கட்டு சத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், எதிரொலி வராது, அதனால் இதுதான் நல்ல இடம் என்று ஆகுய் அக்கா முடிவுசெய்தாள். கைப்பேசியை ஒரு கூடைமேல் நிறுத்திவைத்தார்கள். வெள்ளை உடுப்பு இல்லை, தொப்பி இல்லை. ரப்பர் செருப்பும் வீட்டுச் சட்டையுமாக எல்லாரும் நின்றார்கள். நிநி நடுவில் நின்றாள், கை எடுத்தால் மெதுவாக, குதித்தால் வேகமாக என்று அவள் ஆட ஆட இவர்கள் அவளைப் பார்த்து வாசிக்கவேண்டும் என்று ஏற்பாடு.

மெதுவாகத் தொடங்குவதுதான் பெரிய பாடாக இருந்தது. மெதுவாக என்றால் இவர்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு மெதுவு. முதல் தடவை வாசித்ததும் நிநி கையைக் கீழே போட்டுவிட்டாள்.

"யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டாள்.

கொட்டகையே சிரித்தது. டிரம்ஸ் அடிக்கிறவளுக்குக் குச்சி கைநழுவி விழுந்தது. பிறகு பௌலியென் கண்ணை மூடிக்கொண்டு தனியாக ஊதிப் பார்த்தாள். நிநி குழந்தையாக இருந்தபோது, ஊர்வலத்திலிருந்து திரும்பும் வண்டியில் மடியில் போட்டுக்கொண்டு வாயாலேயே முணுமுணுத்துத் தூங்கவைத்த மாதிரி ஊதினாள். நிநி மெல்லக் கையை எடுத்தாள். ஆகுய் அக்கா மற்றவர்களைப் பார்த்து, அசையாதீர்கள் என்று கண்ணால் அதட்டினாள்.

அதன்பின் ஒவ்வொன்றாகக் கூடி வந்தது. தவறுகள் நடந்தன, நாய் ஒன்று உள்ளே வந்தது, பக்கத்து வயலில் யாரோ டிராக்டரைக் கிளப்பினார்கள். இருட்டுகிற வேளையில் ஒரு தடவை எல்லாம் கைகூடிவிட்டது. பௌலியெனின் தாலாட்டு, அதன்மேல் டிரம்பெட் விடியல் மாதிரி ஏறி வந்தது, டிரம்ஸ் நிநியின் காலோடு ஒட்டிக்கொண்டது. டீச்சர் கேட்ட அந்த மூச்சு நிற்கிற இடம் வந்தது. எல்லாம் அடங்கி, ஈ பறந்தால் கேட்கும் மௌனம்.

பித்தளைத் தட்டு அடிக்கிற சுன்மெய் அந்த மௌனத்தில் தும்மினாள்.

சாதாரணத் தும்மல் இல்லை. பூண்டு நெடியில் அரைமணி நேரமாக அடக்கிவைத்த தும்மல். நிநி உருண்டு விழுந்தவள் மாதிரி பின்னால் பாய்ந்து, தரையில் கையூன்றி, அதே வீச்சில் எழுந்தாள். அவள் எழுந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க டிரம்ஸ்காரி அடிக்க, மற்றவர்கள் பின்னாலேயே ஓட, மெட்டு முன்பு எப்போதும் போகாத வேகத்தில் போய்ப் பளிச்சென்று முடிந்தது.

சுன்மெய் மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கி நின்றாள். "என்னை மன்னிச்சுடுங்க அக்கா. பூண்டுன்னா எனக்கு ஆகாதுன்னு அப்பவே சொன்னேன்."

"நீ எப்ப சொன்ன? சமைக்கும்போது மட்டும் கொத்துக் கொத்தா போடுற" என்றாள் ஆகுய் அக்கா.

"சமைச்சா ஆகும். தொங்கினா ஆகாது."

சுன்மெய்யைக் கதவோரம் நிறுத்தி மறுபடி பதிந்தார்கள். மறுநாளும் பதிந்தார்கள். தும்மல் இல்லாத நல்ல பதிவுகள் கிடைத்தன. ஆனால் நிநியின் ஆட்டம்தான் அந்த இடத்தில் நொண்டியது. மௌனம் வந்ததும் காத்துக்கொண்டு நிற்பாள். ஒன்றும் வராததால் குழம்பி, ஒரு அடி பிந்துவாள்.

"என்னடி நிக்குற?" என்று கேட்டாள் பௌலியென்.

"அத்தை தும்மலையே."

"அது தப்பா வந்தது நிநி."

"தப்பில்லமா. நான் ரொம்ப மெதுவா, சத்தமே இல்லாம போறேன்ல? அப்ப ஒருத்தர் தும்முறாங்க. நான் பறந்துபோறேன். அதுக்கப்புறம்தானே வேகம் வருது? தும்மல் இல்லேன்னா நான் எதுக்கு வேகமா ஆடணும்?"

பௌலியென் கைப்பேசியை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். டீச்சரிடம் இரண்டு பதிவுகளையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நீங்களே சொல்லுங்கள் என்று தள்ளி நின்றாள். ஹுய் டீச்சர் தும்மல் இருப்பதைக் கேட்டதும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நிநி ஆடிக் காட்டினாள். டீச்சர் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை, ஆனால் விரலிடுக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதை எடுத்துக்கிட்டுப் போனா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார். "ஆனா அந்த இன்னொண்ணுக்கு இவ பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஆடுறா. இதுக்குக் கதை சொல்றா. நானா இருந்தா இதைத்தான் அனுப்புவேன்."

தேர்வு நாள் காலையில் ஜின்தியென் கடையை மூடிவிட்டு வண்டியை எடுத்தான். நிநி பின்சீட்டில் சோற்றுருண்டையைத் தின்றுகொண்டே வந்தாள். பௌலியெனுக்குத்தான் தண்ணீர்கூட இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கொண்டையும் கறுப்பு உடுப்புமாகச் சுவரோரம் காலை நீட்டி வளைந்துகொண்டிருந்தார்கள். பெற்றவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டிருந்தார்கள். கதவுக்கு அப்பாலிருந்து பியானோ, மறுபடி பியானோ, பிறகு வயலின் என்று மிருதுவான மெட்டுகள் வந்துகொண்டிருந்தன.

நிநியின் முறை வந்தது. உள்ளே போகும்போது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பௌலியென் தன் சாக்ஸபோனைக் கேட்டாள்.

பதிவை எத்தனையோ தடவை போட்டிருந்தாலும், அதை இப்படி வெளி ஆளாக உட்கார்ந்து கேட்பது அதுவே முதல் தடவை. எப்போதும் அது அவள் வாயிலும் நெஞ்சிலும் இருக்கும். இப்போது ஒரு கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேறு யாருடையதோ மாதிரி வந்தது. பெஞ்சில் பக்கத்திலிருந்த ஒரு அம்மா கைப்பேசியிலிருந்து தலையை எடுத்தாள். ஆகுய் அக்காவின் டிரம்பெட் ஏறியது. பௌலியெனின் கை ஜின்தியெனின் முழங்காலைப் பிடித்து இறுக்கியது.

"வலிக்குது" என்றான் அவன் மெதுவாக.

மௌனம் வந்தது. சுன்மெய் தும்மினாள்.

பெஞ்சு முழுக்கத் திடுக்கிட்டது. யாரோ ஒருவர் தன் பிள்ளை தும்மிவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் அடக்கமுடியாமல் சிரித்தது, பிறகு இன்னொரு குரலும். அந்தச் சிரிப்பின்மேலேயே டிரம்ஸ் ஏறி ஓடியது. சிரிக்கிறார்களே, ரசித்தா, கேலியா? பௌலியெனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மெட்டு பளிச்சென்று முடிந்தது. கதவு உடனே திறக்கவில்லை. பேச்சுக்குரல் கேட்டது. என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை.

நிநி வெளியே வந்தபோது முகமெல்லாம் வேர்வை. பௌலியென் அவளைத் தாழ்வாரத்துக் கோடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"என்ன சொன்னாங்க? ஏன் சிரிச்சாங்க?"

"யாருக்கு ஜலதோஷம்னு கேட்டாங்க. சுன்மெய் அத்தைக்கு ஜலதோஷம் இல்ல, தொங்குற பூண்டுதான் ஆகாதுன்னு சொன்னேன். மறுபடியும் சிரிச்சாங்க."

"அப்புறம்?"

"யாரு வாசிச்சாங்கன்னு கேட்டாங்க. எங்கம்மாவோட செட்டுன்னு சொன்னேன். என்ன செட்டுன்னாங்க. சாவு வீட்டு பேண்டுன்னேன்."

பௌலியென் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். "சொல்லிட்டியா?"

"ஆமா. அந்த நடுவுல உட்கார்ந்திருந்த பெரியம்மா டீச்சர், தன்னோட அப்பா செத்தப்பவும் அப்படி ஒரு பேண்டுதான் வந்துச்சு, அவங்க வாசிச்சதுல ஒண்ணு இன்னும் காதுல இருக்குன்னு சொன்னாங்க. உங்கம்மாகிட்ட நல்லா இருந்துச்சுன்னு சொல்லுன்னாங்க. மா, பசிக்குது."

பௌலியென் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். "உனக்கும் பூண்டு ஆகலையா?" என்றான் ஜின்தியென். அவள் அழுகையும் சிரிப்புமாக அவன் தோளில் ஒன்று வைத்தாள். மூவரும் போய் வான்கோழிக் கறி போட்ட சோறு சாப்பிட்டார்கள். நிநி இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

முடிவு வந்த அன்று பௌலியென் வேலைக்குப் போயிருந்தாள். ஒரு மீன் குட்டைக்காரரின் இறுதி ஊர்வலம். ஜின்தியென்தான் கடையில் வறுக்கிற உருளையில் கடலையைப் போட்டுவிட்டுக் கைப்பேசியில் பார்த்தான். தேறியவர்கள் பெயர்களில் மான்நி இருந்தது. இன்னொரு தடவை பார்த்தான். பக்கத்து எண்ணெய்க் கடைக்காரரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னான். இருக்கிறது என்றார் அவர். அதற்குள் உருளைக்குள் கடலை கருகிவிட்டது. அந்த வாரம் முழுக்கத் தெருக்காரர்கள் எல்லாரும் கறுத்த கடலையைச் சும்மா வாங்கித் தின்றார்கள், நல்லாத்தான் இருக்கிறது என்று பொய்யும் சொன்னார்கள்.

பௌலியெனுக்கு அவன் செய்தி அனுப்பியபோது ஊர்வலம் பாதி வழியில் இருந்தது. ஆகுய் அக்காவின் காதில் சொன்னாள், அது சுன்மெய்க்குப் போயிற்று, அங்கிருந்து டிரம்ஸுக்குப் போயிற்று. வெளியே காட்டிக்கொள்ள முடியாத இடம். எல்லாரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தார்கள். மீன் குட்டைக்காரருக்கு அன்றைக்குக் கிடைத்த வாசிப்பு அந்த வட்டாரத்தில் யாருக்கும் கிடைத்ததில்லை என்று பிற்பாடு ஆகுய் அக்கா சொல்வாள்.

கோடை விடுமுறையில் ஹுய் டீச்சர் தன் மாணவிகளுக்கு ஊர் மண்டபத்தில் ஆண்டு விழா வைத்தார். நிநி ஆடுவதற்கு நீங்களே நேரில் வந்து வாசிக்கவேண்டும் என்று செட்டைக் கேட்டார். என்ன உடுத்துவது என்பதில் பெரிய சண்டை நடந்தது. வெள்ளை வேண்டாம், பார்க்கிறவர்களுக்கு அழுகை வந்துவிடும் என்றாள் சுன்மெய். கடைசியில் ஆளுக்கொரு சிவப்புச் சட்டை வாங்கினார்கள். ஒன்றுக்கொன்று நிறம் ஒட்டவில்லை. மேடையில் நாற்காலி போட்டிருந்ததைப் பார்த்து எல்லாருக்கும் கை ஓடவில்லை. உட்கார்ந்து வாசித்துப் பழக்கமில்லை. நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு நின்றுகொண்டே வாசித்தார்கள். தும்மல் வரவேண்டிய இடத்தில் சுன்மெய்க்குத் தும்மல் வரவில்லை. வாயால் "ஹச்" என்று கத்தினாள். நிநி பறந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் மண்டபம் கைதட்டியது.

ஆகுய் அக்கா கலவரத்தோடு பௌலியெனின் பக்கம் சாய்ந்தாள். இத்தனை வருஷத் தொழிலில் அவர்களுக்கு யாரும் கைதட்டியதில்லை. தட்டக்கூடாத சாவு வீட்டிலும், தட்டினாலும் வெடிச் சத்தத்தில் கேட்காத அம்மன் ஊர்வலத்திலும்தான் எப்போதும் வாசித்திருக்கிறார்கள்.

"ஏதாவது தப்பாயிடுச்சா?"

"இல்லக்கா. பிடிச்சிருக்கு போல."

சுன்மெய் என்ன செய்வதென்று தெரியாமல், வேலையில் பழகியபடி ஒரு தடவை குனிந்தாள், இன்னொரு தடவை, மூன்றாம் தடவையும் ஆழமாகக் குனிந்து நிமிர்ந்தாள். இறந்தவரின் படத்துக்குச் செய்கிற வணக்கம் அது என்று முன்வரிசைக்குப் புரிந்தது. சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. கைதட்டல் இன்னும் பலமாயிற்று. நிநி மேடையின் முன்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்த மாட்டேங்குறாங்களே. இப்ப என்ன பண்றது?" என்றாள் ஆகுய் அக்கா.

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் பௌலியென். அவள் முகம் சட்டையைவிடச் சிவந்திருந்தது.

"அப்ப வேற ஒண்ணு வாசி. நீ எடு, நாங்க வந்துடுறோம்."

பௌலியென் சாக்ஸபோனை வாயில் வைத்தாள். என்ன வாசிக்கப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை; மூச்சை இழுத்தாயிற்று, இனி ஊதியே ஆகவேண்டும்.